டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்வி

லிப்ட் மெக்கானிக்கின் முழங்காலிலிருந்து டாக்டரம்மா ஊசியால் இழுத்த நீர் கலங்கலாக, மஞ்சளாக இருந்தது. அவன் கண்களும் சிவந்திருந்தன. சமீபத்தில் வயிற்றுப்போக்கு உண்டா என்று அவர் கேட்டார். கேள்வி முடிவதற்குள் இல்லையென்றான். செருப்பைக் கையில் பிடித்தபடி நின்ற மனைவி அந்த அவசரத்தைக் கவனித்தாள். அடுத்த கேள்விக்கு முன் டாக்டரம்மா அவளை வெளியே இருக்கச் சொன்னார்.

திரும்ப அழைத்தபோது அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். எங்கோ தொற்றிய கிருமியோடு சண்டை போட்ட உடம்பு, அது போன பிறகும் நிறுத்தாமல் சொந்த மூட்டையே தாக்குகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். கிருமி எந்த வழியாக வந்திருக்கும் என்று அவள் கேட்டாள்.

"அதிகமா வயித்து வழியாத்தாம்மா. சிலருக்கு உடலுறவு வழியாவும் வரும். அவருக்கு டெஸ்ட் எழுதியிருக்கேன்."

அவனைத் தாங்கிப் பிடித்தபடி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் அவன் தாமதமாக வந்தது, சாப்பாடு வேண்டாமென்றது, ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டுக் கழிவறையிலேயே கிடந்தது, எல்லாம் மனதில் வரிசையாக வந்து நின்றன. கட்டிலில் அவன் காலுக்கடியில் தலையணை வைத்தபடியே கேட்டாள்.

"யாரு அவ?"

அவன் திகைத்துப்போனான். பிறகு, வயிறு போனது உண்மைதான் என்றான். தன் அண்ணன் வீட்டில் சாப்பிட்டது. அவள் அம்மா செத்தபோது அந்த அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இனி ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாமென்று அன்றே இருவருமாக முடிவு செய்திருந்தார்கள். அதை அவன் மட்டும் மீறியிருக்கிறான்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நம்பலாம் போலத்தான் இருந்தது. அப்படிப் பொருந்தி வந்ததுதான் அவளை உறுத்தியது. கூடத்துக்கு வந்து, இத்தனை வருஷம் கூப்பிடாத ஓரகத்தியைப் போனில் கூப்பிட்டாள்.

"கோழி சரியா வேகல போல. அன்னைக்கு எங்க எல்லாருக்குமே வயிறு கலக்கிடுச்சு," என்றாள் ஓரகத்தி.

அவளுக்கு மூச்சு வந்தது. சுவரில் சாய்ந்தாள்.

"உன்னாலதான் வரவே முடியல. நீ பழசையெல்லாம் மறந்துட்ட, உன் முட்டிவலிதான் வரவிட மாட்டேங்குதுன்னு வர்றப்பல்லாம் சொல்வாரு. உனக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஊன்றவே முடியாதென்ற காலைத் தூக்கிப் பிடித்து, கதவு நிலையைப் பற்றிக்கொண்டு அறை வாசலில் நின்றான் அவன். வியர்த்திருந்தது. அவள் அவனையே பார்த்தபடி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.