சுரைக்காய் கசந்தால்

பூங்கா வாசலில் ஜூஸ் கடை போட்டிருந்தவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் காலையில் நடக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் ‘கசப்பக்கா’. வாய் கசப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வாய் வெல்லம்தான், சில நேரம் மட்டும் மிளகாய். எந்தச் சுரைக்காயாக இருந்தாலும் மிக்ஸியில் போடுவதற்கு முன்னால் காம்புப் பக்கம் மெல்லிசாக ஒரு துண்டு சீவி, தன் வாயில் போட்டு மென்று பார்ப்பாள். கசந்தால் காய் நேராகக் குப்பைக் கூடைக்குப் போகும். அதனால் வந்த பெயர்.

அவசரமாக வந்த யாராவது, “கொஞ்சம் கசந்தா என்னக்கா, கசப்பு உடம்புக்கு நல்லதுதானே” என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குப் பாடம் நடக்கும்.

“பாகற்காய் கசந்தா அது அதோட குணம். சுரைக்காய் கசந்தா அது குணம் மாறிப்போச்சுன்னு அர்த்தம். தண்ணி இல்லாம, வெயில்ல வெந்து, பூச்சி கடிச்சு நொந்துபோன கொடி, ‘என்னைத் தின்னாதே’ன்னு சொல்லிக் காய்க்குள்ள விஷத்தை ஏத்தி வெச்சுக்கும். வெளியில பார்த்தா தெரியாது. நாக்குல பட்டாத்தான் தெரியும். அதை மீறிக் குடிச்சீங்கன்னா வயிறு புண்ணாகி ரத்தமா வரும். வேணுமா?”

யாருக்கு வேண்டும்? வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். கடை போட்ட புதிதில், நடக்க வந்த ஒரு தாவரவியல் வாத்தியார் சொன்ன விஷயம் இது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவள் விஷயத்தில் வாத்தியாரின் ஏட்டுச் சுரைக்காய் நன்றாகவே உதவியது.

மிக்ஸி அவள் புருஷனின் பொறுப்பு. அதிகம் பேசாத மனிதர். மிக்ஸி ஓடும்போது பேசி என்ன பயன் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டவர். மிக்ஸி நின்ற பிறகும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டில் அவள் எது போட்டாலும் சாப்பிட்டுவிட்டு “நல்லா இருக்கு” என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

தினமும் முதல் டம்ளர் டிரைவர் அண்ணனுக்கு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இஞ்சி, புதினா, எலுமிச்சை, சுரைக்காய். உப்பு மட்டும் கூடாது. “சுரைக்காய்க்கு உப்பில்லேன்னு குத்தம் சொல்லாத ஆளு இந்த ஊர்ல நான் ஒருத்தன்தாம்மா” என்று தினமும் அதே ஜோக்கைச் சொல்வார். அவளும் தினமும் சிரிப்பாள். கூடப் பிறந்த அண்ணன் இருந்தால்கூட இப்படி ஒரு ஒட்டுதல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த நேரத்தில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது. போன காய்ச்சல் சும்மா போகக்கூடாதா? அவள் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று.

முதலில், வாய்க்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். பிறகு எலுமிச்சம்பழத்தைக் கடித்துப் பார்த்தாள், நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. புருஷன் வெளியே போன நேரம் பார்த்துச் சமையலறையில் நின்று பச்சைப் பாகற்காயை நறுக்கென்று கடித்து மென்றாள். ஒன்றுமே தெரியவில்லை. விழுங்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயமாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்கு செத்த கசப்பக்காவுக்கு அந்தக் கடையில் என்ன வேலை? காய் நறுக்க யாரால் முடியாது? எலுமிச்சம்பழம் பிழிய யாரால் முடியாது? “நீ வீட்டுல ரெஸ்ட் எடு” என்று புருஷன் அன்பாகத்தான் சொல்வார், அந்த அன்புக்குத்தான் அவள் பயந்தாள். நாளைக்குச் சரியாகிவிடும், நாளன்றைக்குச் சரியாகிவிடும் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையில் இறங்கினாள்.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். காம்புத் துண்டை இரண்டாகக் கீறுவாள். ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு ஊருக்காக மெல்லுவாள். இன்னொன்றை மிக்ஸி பக்கம் நீட்டுவாள். “இந்தாங்க, வாயைத் திறங்க. இளசா இருக்கு பாருங்க.”

அந்த மனிதர் முதல் நாள் திருதிருவென்று விழித்தார். நாலு பேர் பார்க்க, கட்டின பெண்டாட்டி வாயில் ஊட்டுகிறாள். கல்யாணமான புதிதில்கூட நடக்காத காரியம். காது மடல் சிவக்க வாயைத் திறந்தார். மென்றார். “நல்லா இருக்கு” என்றார். டிரைவர் அண்ணன் டம்ளரைத் தட்டித் தாளம் போட்டார். “என்ன மாப்ளே, இந்த வயசுல யோகம் அடிக்குது.”

ஒரு நாள் ஒரு காயை மென்றதும் அவர் முகம் கோணியது. தூ என்று துப்பி, “கசக்குதுடி” என்றார். “எனக்கும்தாங்க” என்று சொல்லி அவளும் துப்பினாள். காய் கூடைக்குப் போனது. அப்பாடா, வழி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அவளுக்கு நிம்மதி வந்தது. அவருக்கோ தினமும் அந்த ஒரு வாய்க்காகவே கடைக்கு வருகிற மாதிரி இருந்தது. சட்டைகூடத் தேய்த்துப் போட ஆரம்பித்தார். ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அவர் தன்னைப் பரிசோதகராக நினைக்கவில்லை, புது மாப்பிள்ளையாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்திருக்கும்.

அன்றைக்கு அவர் வலி தாங்காமல் விடியற்காலையிலேயே பக்கத்துத் தெருப் பல் டாக்டரை எழுப்பி ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது, உள்ளே பஞ்சு. மரத்துப்போகப் போட்ட ஊசியும் கொப்புளிக்கக் கொடுத்த மருந்தும் சேர்ந்து வாயெல்லாம் ஒரே கசப்பு. பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மனிதருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

டிரைவர் அண்ணன் வந்தார். அவள் புதுக் காயை எடுத்தாள், காம்பைச் சீவினாள், வழக்கம்போல் நீட்டினாள். “இந்தாங்க.”

பல் பிடுங்கிய நாளில் மென்று தின்பதற்கு எதையாவது கொடுத்தால் வேறு யாராக இருந்தாலும் வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். இவருக்கு மனசு வரவில்லை. ஆசையாகக் கொடுக்கிறாள், வேண்டாம் என்றால் நாளைக்குக் கொடுக்காமல் விட்டுவிடுவாளோ. நல்ல பக்கமாக வாங்கி, மெதுவாக மென்று, விழுங்கினார். வாயில் இருந்த கசப்போடு கசப்பாகப் போனது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் பாதிக் காயை நறுக்கிப் போட்டாள். மிக்ஸி ஓடியது.

டிரைவர் அண்ணன் ஒரு வாய் குடித்ததும் நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்லம்மா.” மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். அன்றைக்கு ஜோக் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பூங்காவுக்குள்ளிருந்து யாரோ ஓடிவந்து, டிரைவர் பெஞ்சில் சாய்ந்துவிட்டார், வாந்தியாக எடுக்கிறார் என்றார்கள். அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆள் வேர்வையில் தொப்பலாக நனைந்து, நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். புருஷனைக் கடையில் விட்டுவிட்டு, ஒரு வண்டியைப் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, ஆனால் கைகளில் பதற்றம் இல்லை. ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த படத்தில் ஏதோ சின்ன மாற்றம். “சர்க்கரைக்காரங்களுக்கு ஹார்ட் அட்டாக் இப்படி வயித்து வலி மாதிரியும் வரும்” என்றார். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எடுத்து வரும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். “காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“சுரைக்காய் ஜூஸ் மட்டும்தான்.”

டாக்டரம்மாவின் கை நின்றது. “கசந்துச்சா?”

டிரைவர் அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். “அதெல்லாம் காரணமா இருக்காதும்மா. இந்தப் பொண்ணு ஒவ்வொரு காயையும் கடிச்சுப் பார்த்துட்டுத்தான் போடும். இதோட நாக்கைத் தாண்டி வந்தது எனக்கு ஆகாமப் போகாது.”

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். “நீங்க பார்த்தீங்களா?”

பார்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். கசப்பக்கா குறுக்கே வந்து கையை நீட்டினாள். “இதோ வந்துடறேன் டாக்டர், அந்த ஊசியை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டு வராண்டாவுக்கு ஓடி, கடைக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, மீதிப் பாதிக் காய் பலகை மேல இருக்கா?”

“ம்.”

“பஞ்சைத் துப்பிட்டு, வாயை நல்லாக் கொப்புளிச்சிட்டு, ஒரு துண்டு கடிச்சுப் பாருங்க. முழுங்காதீங்க.”

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு நறுக்கென்று ஒரு சத்தம். உடனே காறித் துப்பும் சத்தம், ஒரு தடவை இல்லை, பல தடவை.

“விஷம்டி இது” என்றார் குழறிக்கொண்டே. “காலையில நீ பார்க்கலையா?”

“பார்த்தது நீங்கதாங்க. எனக்கு நாக்கு செத்துப்போச்சு. காய்ச்சல்லேர்ந்து எதுவும் தெரியல. அதுக்குத்தான் தினமும் உங்களுக்குக் கொடுத்தேன்.”

அந்தப் பக்கம் மறுபடியும் வாய் கொப்புளிக்கும் சத்தம் கேட்டது.

“அதுக்கா கொடுத்தே?” என்றார் பிறகு. “நான் வேற மாதிரி நினைச்சுக்கிட்டேன்.”

அதற்குப் பதில் சொல்ல அப்போது நேரமில்லை. உள்ளே ஓடினாள். டிரைவர் அண்ணன் முகத்தைப் பார்க்காமல், டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நான் பார்க்கல டாக்டர். எனக்கு ருசி தெரியாது. தெரியாதுங்கிறதை யார்கிட்டயும் சொல்லாம இத்தனை நாள் எல்லாருக்கும் ஜூஸ் கொடுத்திருக்கேன். காய் கசப்பு. விஷக் கசப்பு. இப்பதான் தெரிஞ்சுது.”

டாக்டரம்மா திட்டவில்லை. நர்ஸின் கையிலிருந்த ஊசியை வாங்கி ஓரமாக வைத்தார். வேறு ஊசி, வேறு பாட்டில், வயிற்றுக்கான மருந்து என்று வரிசையாகச் சொன்னார். “குக்கர்பிட்டசின்னு பேரு. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. உடம்புல தண்ணி வத்தாம, பிரஷர் விழாம தாங்கிப் பிடிச்சா போதும்.” சிறிது நேரத்தில் டிரைவர் அண்ணன் மறுபடியும் வாந்தி எடுத்தார். இந்தத் தடவை அதில் ரத்தம் இருந்தது. டாக்டரம்மா ஓரமாக வைத்த ஊசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அதைப் போட்டிருந்தா இதை நிறுத்துறது கஷ்டமாயிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

டிரைவர் அண்ணனின் மகள் வந்தாள். அவள் வராண்டாவில் நின்று பேசிய பேச்சையெல்லாம் இங்கே எழுத முடியாது. கசப்பக்கா ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. புருஷன் வீங்கிய கன்னத்தோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவர் பங்குக்கும் கிடைத்தது.

அதற்குப் பிறகு கடை திறக்கவில்லை. டிரைவர் அண்ணனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், கஞ்சி குடிக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் அவள் போனாள். வெறுங்கையோடுதான் போனாள். எதை எடுத்துப் போவது, எந்த முகத்தோடு நீட்டுவது? மகள் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவர் இளைத்துப்போய், கன்னம் ஒட்டி, தலையணையில் சாய்ந்திருந்தார்.

அவள் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். கோபப்பட்டால் காலில் விழுவது. போலீஸ் என்றால் சரி என்பது. இனிமேல் என் மூஞ்சியில் முழிக்காதே என்றால் எழுந்து போய்விடுவது.

“வாய்ல வெச்சதுமே தெரிஞ்சுதும்மா” என்றார் அவர் மெதுவாக. “கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. நீதான் எத்தனை தடவை சொல்லியிருக்கே, கசந்தாக் குடிக்காதீங்கன்னு.”

“அப்புறம் ஏண்ணே குடிச்சீங்க?”

“நீ பார்த்துட்டுத்தானே கொடுத்திருப்பே. என் நாக்குலதான் கோளாறுன்னு நினைச்சேன்.”

அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“ஒண்ணு கேட்கட்டுமா?” என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “நாக்கு போச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு துண்டை நானே கடிச்சுப் பார்த்துச் சொல்லியிருப்பேனே. நான் குடிக்கப்போற ஜூஸ்தானேம்மா.”

காலால் உதைத்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். தினமும் காலையில் கடை வாசலில் நின்ற அத்தனை முகங்களும் அவளுக்குக் கண்முன் வந்தன. யாரைக் கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் வாய்விட்டு அழுதாள். டிரைவர் அண்ணன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.