மேசைக்கடியில் இருந்த ஹீட்டர்

சித்தப்பா வரைபடத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். கட்டப்போவது பத்து மாடி அலுவலகம். அதன் ஏசி வேலையை எடுத்திருந்தது அவருடைய கம்பெனி; பொறுப்பான பொறியாளர் அவருடைய அண்ணன் மகள்தான். அவள் கையெழுத்துப் போடாமல் வேலை தொடங்காது.

"போட மாட்டேன்" என்றாள்.

"ஏம்மா, நம்ம ஆபீஸ்ல இருக்கிற அதே சிஸ்டம்தானே? இத்தனை வருஷமா ஓடலயா?"

ஓடுகிறது, யார் இல்லையென்றது? மொட்டைமாடியில் ஒரு ராட்சத இயந்திரம் எல்லா அறைக்கும் ஒரே குளிரை அனுப்பும். நிழல் பக்கத்து ஆட்கள் நடுங்கினால், அதே காற்றைக் கரண்டில் சூடாக்கித் தரும். கரண்டைக் கொட்டிக் குளிர வைப்பது, மறுபடி கரண்டைக் கொட்டிச் சுட வைப்பது! இந்தக் கூத்துக்குத் தன் பேரைக் கொடுப்பதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வரைந்தது வேறு. மாடிக்கு மாடி தனி இயந்திரம். வெயில் பக்கத்துச் சூட்டை எடுத்து நிழல் பக்கத்துக்குக் கொடுக்கும், ஆளில்லாத அறையில் அடங்கிக் கிடக்கும். பாதி மின்சாரம் போதும். சித்தப்பா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"கட்டடம் கட்டுறவங்களுக்குப் பழைய மாடல்தான் வேணுமாம். நான் வாக்குக் குடுத்துட்டேன். நீ போடலன்னா வேற ஆள் போடுவான், நம்ம கம்பெனி வாசல் போர்டுலயும் உன் பேர் இருக்காது."

"தாராளமா எடுங்க."

அவர்களுடைய அலுவலகத்தில் எல்லோர் மேசைக்கடியிலும் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது அங்கே எழுதாத சட்டம். அவள் குனிந்து, சித்தப்பாவின் காலடியில் இருந்ததைப் பிடுங்கி வரைபடத்தின் மேல் வைத்தாள்.

"அவ்வளவு நல்ல சிஸ்டம்னா இது எதுக்கு?"

"முட்டிவலிம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் ஹீட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவுவரை போய்விட்டாள். குளிரைக் குறைக்கும் பொத்தான் அவர் அறையில் கிடையாது; அவர் தேர்ந்தெடுத்த அமைப்பில் யார் அறையிலும் கிடையாது. சித்தப்பா மெல்லக் காலை நாற்காலிமேல் மடக்கிக்கொண்டார்.

"அதை வச்சுட்டுப் போ."

"அந்த வரைபடத்துல குறுக்கே கோடு அடிங்க. வச்சுட்டுப் போறேன்."

"திமிரு உனக்கு!"

"ஆமா."

அவர் பேனாவைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு காகிதம் கிழியக் கோடு அடித்தார்.

"அவங்ககிட்ட நான் என்னடி சொல்றது?"

"நீங்க கேட்ட சிஸ்டத்துல என் காலே வெறைக்குதுன்னு சொல்லுங்க."