கட்டில் வாசலில் நுழையாத நாள்

1.
என் மனைவி சுகந்தி கடைசியாகச் செய்த சாதாரண வேலை, குழந்தைக் கட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தது.

"ஆடல, பாத்தீங்களா?" என்றாள்.

நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். "நீதான் ஆடுற," என்றேன். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மத்தியானம் வலி கண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை (இப்போதைக்கு அப்படித்தான் நினைக்கிறேன்).

இந்தக் கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு என் மகள் ஷாமிளா, பதினாறு வயது, பூசை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:

"அப்பா, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே கட்டில் வாங்குனதாலதான் அம்மா செத்துப்போனாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"லயத்துல எல்லாருந்தான்."

தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் குடியிருக்கும் நாங்கள், பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கிவைக்காத சனம். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கிறவன் நான். எனக்கு எழுதினால்தான் யோசனை ஓடும். எழுத உட்கார்ந்தேன். கட்டில் வாங்கிய நாளை நினைத்ததும் அழுகை வரும் என்று பார்த்தால், வந்தது உற்சாகம். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அப்படிப்பட்ட நாள்.

2.
முதல் தொடக்கம்: "1993ஆம் ஆண்டு, ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற ஒரு காலையில், மலைச்சரிவெங்கும்…"

வேண்டாம். சுகந்தி அன்று ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. பஸ்ஸில் வழி முழுக்கக் கட்டிலைப் பற்றித்தான் பேசினாள்.

இரண்டாவது தொடக்கம்: சுகந்தி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப்போவார்கள். யாரோ தானமாகக் கொடுத்த பழைய மரக்கட்டில் ஒன்று அங்கே இருந்தது. ஒருநாள் அதிலிருந்து ஒரு குழந்தை கால்வழியே நழுவி, தலை மட்டும் கம்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கம்பை உடைத்து இவள்தான் எடுத்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு இவள் எந்தக் குழந்தையையும் அந்தக் கட்டிலில் போடவில்லை.

இது நல்ல தொடக்கம். இருக்கட்டும்.

3.
கட்டில் வாங்க மாவனல்லை டவுனுக்குப் போகும்போது அவள் பையில் ஒரு மரத்துண்டு. அகலம் இரண்டேகால் அங்குலம். ஏதோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அளவு. அறுத்துக் கொடுத்தது நான். கம்புகளுக்கு நடுவே துண்டு நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம்.

மேசை, கட்டில் விற்கும் தளபாடக் கடைக்காரர் மர்சூக் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) துண்டைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு புள்ள? தாயத்தா?"

"ஒங்க கட்டிலுக்குப் பரீட்ச நானா."

முதல் கட்டிலில் துண்டு நுழைந்தது. இரண்டாவதிலும் நுழைந்தது. மூன்றாவதில் நுழையவில்லை, ஆனால் நான்கு மூலையிலும் குமிழ். "சட்ட மாட்டிக்கும்," என்றாள். நாலாவது நீலப் பெயின்ட். "பல்லு மொளைக்கிறப்ப சொரண்டித் திங்கும்."

"திங்கிறதுக்கு முந்தி பொறக்கட்டுமே!" என்றார் நானா.

மெத்தையை அமுக்கினாள். "இதுல மூஞ்சி பொதஞ்சிரும். கெட்டியானது இல்லயா?" கட்டிலுக்கும் மெத்தைக்கும் இடையில் விரலை விட்டாள். "பாருங்க, ரெண்டு வெரலு போகுது."

"தம்பி, இவங்கள இங்க வேலைக்கி வுட்டுட்டுப் போங்க. தலகாணி ஒண்டு சும்மா தாரன்."

"தலகாணி வேணாம் நானா. புள்ள மூச்சு விடட்டும்."

(மர்சூக் நானாவை நான் கொஞ்சம் நல்லவராக்கிவிட்டேன். உண்மையில் நாலாவது கட்டிலில் அவருக்குக் கோபம் வந்து, தேநீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தவர்தான் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார்.)

பின்பக்கத்தில் ரப்பர் மரப் பலகையில் செய்த கட்டில் ஒன்று. குமிழ் இல்லை, பெயின்ட் இல்லை. சுகந்தி துண்டை ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்து அழுத்தினாள், இருபத்திரண்டு இடைவெளி. கடைசி இடைவெளியிலும் துண்டு நுழையவில்லை. "இதாங்க! இதேதாங்க!" என்று அவள் கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

4.
பஸ் கூரையில் கட்டில், பஸ்ஸுக்குள் நாங்கள். லயத்துக்குத் தூக்கி வந்தோம். எங்கள் காம்பராவுக்குள் நுழைக்கப் பார்த்தால், நுழையவில்லை.

கட்டில் போடும் இடத்தை அங்குலம் அங்குலமாக அளந்திருந்தோம். வாசலை அளக்கவில்லை.

அடுத்த காம்பரா தங்கம்மா அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "பாத்தியா, வாசப்படியே வேணாங்குது. திருப்பிக் குடுத்துரு, சுகந்தி."

"வெள்ளக்காரன் கட்டுன வாசப்படி, அக்கா. நம்ம புள்ள வரும்னு அவனுக்கு எப்புடித் தெரியும்?"

லயமே சிரித்தது. தங்கம்மா அக்காவும் சிரித்தார். (அவர் சிரித்ததை இப்போது யாரும் சொல்வதில்லை. நான் எழுதி வைக்கிறேன்.) திருகாணிகளைக் கழற்றி, துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினேன்.

5.
ஷாமிளாவுக்காக வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: தங்கம்மா அக்கா பேச்சைக் கேட்டுக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மாவனல்லை போய்வந்த பதினோராம் நாள் வலி காண்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய தோட்டத்து லொறி, நான் தரம் பிரித்த ஷீட்டை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. காத்திருக்கிறோம். இதை மூன்று விதமாக எழுதினேன். கட்டிலை எடுத்துவிட்டாலும் லொறி சீக்கிரம் வரவில்லை.

இரண்டு: லொறி வாசலிலேயே நிற்கிறது. சுகந்தி பிள்ளையோடு திரும்பி வந்து, கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து…

ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்தேன்.

நடந்தது: ஷாமிளா லொறியிலேயே பிறந்தாள். இரத்தம் நிற்கவில்லை. சுகந்தி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாள்.

(எழுதமாட்டேன் என்றேன். எழுதிவிட்டேன்.)

6.
ஷாமிளா அந்தக் கட்டிலில் இரண்டு வருடம் தூங்கினாள். ஒரு கீறல் விழவில்லை.

கட்டில்தான் காரணமா என்பதற்கு நான் முடிவு எழுதவில்லை. இந்தத் தாள்களை அவளிடம் கொடுக்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், அவள் எழுதட்டும். நீங்களும் எழுதலாம். எழுதுவதற்கு முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எங்கள் லயத்திலிருந்து ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைல். இன்றைக்கும் ஒரே ஒரு லொறிதான்.