வேனில் இடம்

வேன் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள் பானுப்பிரியா. அதற்குள் மலைவாழ் பளியர்களின் காலனியிலிருந்து நாத்தனார் செல்லக்கனி ஓடிவந்தாள். "மதினி, அப்பா எந்திரிக்க மாட்டேங்காரு. ஒடம்பு சில்லுனு இருக்கு."

வேனிலிருந்த பெண்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கூட வேலை பார்ப்பவளின் மாமனார் செத்துக் கிடக்கும்போது யார்தான் பட்டாசுக் கம்பெனிக்குப் போவார்கள்?

மாமனார் சோலைச்சாமியை வாசலில் கிடத்தினார்கள். வேனில் வந்தவர்களில் ஒப்பாரி வைப்பதில் கெட்டிக்காரியான ஆவுடைத்தாய் பானுவின் காதருகே குனிந்தாள். "ஒம் மாமனாரு என்ன வேல பாத்தாருத்தா? சொல்லிப் பாடணும்ல."

அச்சங்குளத்தில் பானு பிறந்த தெருவே கம்பெனிக்குப் போகும். செழியனைக் கட்டி மலையடிவாரத்துக்கு வந்த பிறகு, இந்தக் காலனியிலிருந்து வேன் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான். மாமா தேன் எடுத்தார், கிழங்கு தோண்டினார். காட்டுக்குள் வரக் கூடாது என்று வனத்துறை தடுத்த பிறகு வீட்டில் இருந்தார். அதெல்லாம் வேலையா? கேட்டவர்களிடம், வேலைக்குப் போகாத மனுசன் என்றுதான் அவளே சொல்லிவந்தாள். ஆனால் வேலை கேட்டு அவரைக் கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவளும் அவள்தான். "மலை ஆளுக நெலையா வரமாட்டாக" என்று போர்மேன் திருப்பி அனுப்பிவிட்டார். செல்லக்கனி போய்க் கேட்டபோதும் அதே பதில்தான்.

செல்போனைப் பொத்திக்கொண்டு டிரைவர் வந்தார். "தப்பா நெனைக்காத பானு. தீபாவளி லோடு நிக்குதாம், பேக்கிங்குக்கு ஆளில்லைன்னு போர்மேன் சத்தம் போடுதாரு. இங்கன யாரு வந்தாலும் ஏத்திட்டு வரச் சொல்லுதாரு."

"காலனி ஆளுகளையா?"

"யாரா இருந்தாலும்னுட்டாரு."

செல்லக்கனி முகத்தைத் துடைத்தபடி எழுந்தாள்.

"ஏ பிள்ள, ஒங்கப்பன் கெடக்காரு" என்றாள் ஆவுடைத்தாய்.

"இன்னைக்கு ஏறலைன்னா பொறவு கூப்பிடவே மாட்டாக." செல்லக்கனி பானுவைப் பார்த்தாள். "அப்பாவ எடுக்கறதுக்குள்ள வந்துருவேனா மதினி?"

வேன் திரும்பிவர இருட்டிவிடும். அது பானுவுக்குத் தெரியும். போ என்பதா, இரு என்பதா, எதைச் சொன்னால் பாவம் என்றுதான் தெரியவில்லை. செழியனைப் பார்த்தாள். அவன் அப்பாவின் நெற்றியில் உட்கார வந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தான்.

செல்லக்கனியை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. கொஞ்ச தூரம் போவதற்குள் பானு பின்னாலேயே ஓடினாள். டிரைவர் நிறுத்தினார். அவள் தன் சாப்பாட்டு வாளியை ஜன்னல் வழியே நீட்டினாள். செல்லக்கனி அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.