நெற்றியில் இல்லாத நிறம்

நாகேந்திரன் சார் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பனியன் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நந்தனா என்ற அந்தப் பெண்ணின் சட்டையை மறுபடியும் பார்த்தார். கறுப்புச் சட்டை. தோளிலிருந்து இடுப்புவரை அதில் வெள்ளை மின்னல் வெட்டியிருந்தது. மின்னலைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெள்ளைத் தூறல். அந்தத் தூறலுக்குள் எங்கேயோ எதிரே ஆடிய சுபிதாவின் கம்பு ஒட்டிவிட்ட வெள்ளைப் பொடி இருக்க வேண்டும். இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல வேண்டியது நடுவரான அவருடைய பொறுப்பு. அரங்கமே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிலம்பத்தில் தொடுபோட்டிக்கு விதி எளிது. கம்பின் நுனியில் துணிப்பந்து கட்டி, அதை வெள்ளைப் பொடியில் முக்கிக்கொள்ள வேண்டும். எதிராளியின் இடுப்புக்கு மேலே கம்பு தொட்டால் ஒரு புள்ளி. தொட்ட இடத்தில் வெள்ளை ஒட்டும், நடுவர் பார்த்துச் சொல்வார். இதில் குழப்பத்துக்கு வழியே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வழியை உண்டாக்கியவன் பார்வையாளர் வரிசையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் சுயம்புராஜ். சுபிதாவின் அப்பா. சார்ஜாவில் ஜெர்சி அச்சடிக்கும் கம்பெனியில் இருந்துவிட்டு வந்து, அஞ்சுகிராமத்தில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான். மனைவி அன்னக்கிளி தைப்பாள், இவன் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு அச்சடிப்பான். இந்தப் போட்டிக்கு வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் சட்டை அவன் கடையிலிருந்துதான். மின்னலும் தூறலும் அவன் மண்டையில் உதித்தவை. ஒவ்வொரு துளியாக உட்கார்ந்து வரைந்திருந்தான். காலையிலிருந்து வீடியோ எடுக்கிறானே, அது மகள் ஆடுவதற்காகவா, சட்டைக்காகவா என்று கேட்டால் அவனுக்குக் கொஞ்சம் திணறலாகத்தான் இருந்திருக்கும்.

நாகேந்திரன் சார் நிமிர்ந்து தலையை ஆட்டினார். "தொடல்ல."

"சார், பட்டுது சார்," என்றாள் சுபிதா. "தோள்ல பட்டுது. எனக்குக் கையில தெரிஞ்சு சார்."

"ஒனக்குக் கையில தெரிஞ்சிருக்கும் மக்களே. எனக்குக் கண்ணுல தெரியல. தெரியாததை நான் எப்பிடிக் குடுப்பேன்?"

அந்த ஒரு புள்ளியில் சுபிதா தோற்றாள். நந்தனா கை கொடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

திரும்பும் வழியில் ஜிகர்தண்டா வாங்கித் தரட்டுமா என்று சுயம்புராஜ் கேட்டபோது, பைக்கின் பின்னாலிருந்த சுபிதா நிறுத்தாமல் போகும்படி அவன் முதுகில் தட்டினாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்.

"யப்பா, தோத்தது எனக்குப் பெரிய காரியம் இல்ல. நான் தொட்டேன். அது ஒங்க சட்டைக்குள்ள காணாமப் போச்சு. இனி நான் கம்பு எடுக்க மாட்டேன்."

கம்பு கட்டிலுக்கு அடியில் போனது. அடுத்த மாதம் நாகர்கோவிலில் மாவட்ட அணிக்கான தேர்வுப் போட்டி இருந்தது. அதற்குப் போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைத் திருப்ப எந்த மெஷினும் உலகத்தில் இல்லை. சுயம்புராஜ் முதலில், "சாருக்குக் கண்ணாடி மாத்த நேரமாச்சு, வேற ஒண்ணுமில்ல," என்று சமாளித்துப் பார்த்தான்.

"கண்ணாடியைக் கொற சொல்லாதீங்க," என்றாள் அன்னக்கிளி. "ஒங்க மின்னலு நம்ம பிள்ளை தலையிலதான் வந்து விழுந்திருக்கு."

கடைத்தெருவில் பையன்கள் வேறு மாதிரி சொன்னார்கள். சுயம்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டையிலேயே நாமம் போட்டுவிட்டான் என்று சிரித்தார்கள். ஏமாற்றுவதற்கு அப்படி ஒரு பேச்சு இருப்பதே அவனுக்கு எப்போதும் ஆகாது. அய்யாவழிக் குடும்பம். நெற்றியில் சுடர்போல மேலே ஏறும் வெள்ளை நாமம் இல்லாமல் அவன் கடை திறந்ததில்லை. கோபம் வந்தது. வந்த கோபத்தோடு கடைக்குள் போய், அன்றைய வீடியோவைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் போட்டான். நந்தனாவின் தோளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். எது அவன் வரைந்த துளி, எது மகள் வைத்த புள்ளி? அத்தனையும் வரைந்தவனுக்கே தெரியவில்லை. சுயம்புராஜுக்கு வெட்கமாக இருந்தது. திரையை அணைத்தான்.

மறுநாள் பூதப்பாண்டிக்குப் போய் நாகேந்திரன் சாரைப் பார்த்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தோ என்னவோ அவர் எழுந்தே நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"எனக்கும் அன்னைக்கிலேருந்து சோறு எறங்கல வே," என்றார். "அந்தப் பிள்ளை பொய் சொல்லுத பிள்ளை இல்ல. தேர்வுப் போட்டிக்கு நீரு வேற சட்டை கொண்டு வாரும், கமிட்டிகிட்ட நான் பேசுகேன். வடிவு ஒண்ணும் வேண்டாம். பட்டா பட்டுதுன்னு சொல்லணும், படலன்னா சும்மா இருக்கணும். அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்று சொல்வது எளிது. சும்மா இருக்கிற சட்டையைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது சுயம்புராஜுக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. வழவழப்பான விளையாட்டுத் துணியில் பொடி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பருத்தி கலந்த துணியில் நின்றது. சட்டை வெளியே தொங்கினால் இடுப்பு எங்கே முடிகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் சட்டையின் அடியில் பட்டை வைத்து இடுப்போடு பிடிக்கும்படி அன்னக்கிளி தைத்தாள். சட்டையில் பட்டால் புள்ளி, பேண்டில் பட்டால் இல்லை. மின்னல் போனது, தூறல் போனது, முதுகில் பெரிதாக எழுதும் பெயரும் போனது. கடைசியில் மிஞ்சியது வெறும் கறுப்பு. பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகைதான் வந்தது, ஆனால் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அய்யாவழிப் பதியில் கும்பிட்டுவிட்டு வந்ததும், கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் சோதனை என்று ஏற்பாடு. நாகேந்திரன் சார் வந்தார். சுபிதாவோடு படிக்கும் ஜாஸ்மி கம்போடு வந்தாள். சுபிதா மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

"நீ ஆட வேண்டாம் மக்கா," என்றாள் அன்னக்கிளி. "சட்டையைப் போட்டுட்டு நின்னாப் போரும். துணிக்கு ஒரு ஒடம்பு வேணும்லா?"

நிற்பதற்கென்று வந்தவள் சும்மா நின்றாள். ஜாஸ்மி தோளில் ஒன்று தொட்டாள், வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. துடைத்துவிட்டு வயிற்றில் ஒன்று தொட்டாள், அதுவும் தெரிந்தது. மூன்றாவதற்கு வரும்போது சுபிதாவின் கை தானாகப் போய்ச் சுவரில் சாய்த்திருந்த இன்னொரு கம்பை எடுத்துத் தடுத்தது. சுயம்புராஜ் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வானத்தைப் பார்த்தான். அப்புறம் இரண்டு பிள்ளைகளும் வேர்க்க வேர்க்க ஆடினார்கள்.

"நிறுத்து," என்றார் நாகேந்திரன் சார். "சுபிதாவுக்கு வலது கையில, முட்டிக்கு மேல பட்டிருக்கு. ஜாஸ்மிக்கு ஒரு புள்ளி."

"நான் அங்க தொடவே இல்ல சார்," என்றாள் ஜாஸ்மி.

பொடி இருக்கிறது. தொட்டவள் தொடவில்லை என்கிறாள். மூன்று பெரியவர்களும் அந்தக் கையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அன்னக்கிளிதான் முதலில் மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுபிதாவின் நெற்றியில் காலையில் பதியில் இட்ட நாமம் பாதிதான் இருந்தது. மீதி, வேர்வையைத் துடைத்த கையோடு சட்டைக்கு வந்திருந்தது.

"ஊர்க்காரங்க சொன்னது பலிச்சிட்டு," என்றாள் சிரிப்புக்கு நடுவில். "நெசமாவே சட்டையில நாமம் போட்டாச்சு."

நாகேந்திரன் சார் சிரிக்கவில்லை. தாடையைத் தடவினார். "களத்துல எறங்கும்போது மட்டும் பிள்ளையோ நெத்தியைத் துடைச்சுட்டு..." என்று தொடங்கினார்.

அதற்குச் சம்மதிப்பதா, மகளை வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று சுயம்புராஜ் தவித்தான். சுபிதா கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமலே சார் தன் கையை எடுத்து நெற்றியில் வைத்தார். மூன்று விரல் அகலத்துக்குத் திருநீற்றுப் பட்டை. விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

"இல்ல, அது செரியாவாது," என்றார். "இந்த நெத்தியை வச்சிக்கிட்டு நான் எந்த வாயால அதைச் சொல்ல? பொடியைத்தான் மாத்தணும்."

மாற்றலாம். எந்த நிறத்துக்கு? சிவப்பு என்றால் குங்குமம். மஞ்சள் என்றால் மஞ்சள், சந்தனம். குழித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் சந்தனம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள், நந்தனா உட்பட. கறுப்பு என்றால் கண்மை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நெற்றி இருந்தது, அல்லது ஒரு கண் இருந்தது.

"எங்க வீட்டு நெத்தியில ஒண்ணும் கெடையாது," என்றாள் ஜாஸ்மி. "நான் எந்தக் கலருக்கும் ரெடி. நீங்க எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"நீலம்," என்றாள் அன்னக்கிளி. "நீலக் கோலப்பொடி. நெத்தியில நீலம் பூசுத பிள்ளை இந்த ஜில்லாவுல கெடையாது."

"கிருஷ்ணர் வேஷம் போட்டு வந்தாத்தான் உண்டு," என்றாள் ஜாஸ்மி. இப்போது நாகேந்திரன் சாரும் சிரித்தார்.

நீலம் கறுப்பில் தெரியாது என்பது எல்லோரும் போன பிறகுதான் சுயம்புராஜுக்கு உறைத்தது. வெட்டி வைத்த துணி பூராவும் கறுப்பு. அதை ஒதுக்கிவிட்டு வெள்ளையில் ஒரு சட்டை அடித்து, வெற்றிபெற்றவன் போல மகளுக்கு முன்னால் விரித்தான். சுபிதா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"என்னட்டி சொல்லுகா?"

"வேர்த்தா வெள்ளைத் துணி ஒடம்போட ஒட்டும்," என்றாள் அன்னக்கிளி. "ஆம்பிளை நடுவரு கிட்ட வந்து நின்னு பாக்கணும். நாலு பேரு வீடியோ எடுப்பான். நீங்க எடுக்கலியா? அவ எப்பிடி நிப்பா?"

சுயம்புராஜ் சட்டையை மடித்து வைத்தான். இத்தனை நாளும் சட்டையை நடுவரின் கண்ணால் பார்க்கத்தான் கற்றுக்கொண்டிருந்தான். அதற்குள் ஒரு பிள்ளை இருக்கிறாள் என்பது விட்டுப்போயிருந்தது. அன்று தொடங்கி ஒவ்வொரு மாதிரியையும் தைத்து, தண்ணீரில் நனைத்து, சுபிதாவிடமே கொடுத்தான். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று திருப்பித் தந்தாள். கடைசியில் வெளிர் மஞ்சள் துணியில், நெஞ்சுக்கும் முதுகுக்கும் இரட்டை அடுக்கு, காற்றுக்கு அக்குளில் மட்டும் வலை. நனைத்துப் பிடித்தால் பின்னால் வைத்த கை தெரியவில்லை. அவள் போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், சுழன்றாள்.

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றாள்.

மறுநாள் காலையில் கட்டிலுக்கு அடியில் கம்பு இல்லை. சுயம்புராஜ் அன்றைக்குப் பூராவும் கடையில் காரணமில்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

தேர்வுப் போட்டியில் எல்லாப் பிள்ளைகளும் வெளிர் மஞ்சளில் நின்றார்கள். பார்க்க ஒன்றும் விசேஷமாக இல்லை. சுயம்புராஜின் பக்கத்திலிருந்த ஒருவர், "இது என்னவே, பள்ளிக்கூட யூனிபாரம் மாதிரி," என்று முகத்தைச் சுளித்தார். சுபிதா ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்தாள். நீலப் புள்ளி விழுந்தது, நாகேந்திரன் சார் நின்ற இடத்திலிருந்தே கையைக் காட்டினார், ஒரு வாக்குவாதம் இல்லை. புள்ளி கொடுத்ததும் தூரிகையால் இரண்டு தட்டு தட்டினால் பொடி உதிர்ந்தது. மீந்த நீலக் கறைக்கு மேல், எண்ணியாயிற்று என்பதற்குப் பேனாவால் ஒரு கோடு. கடைசியில் எதிரே வந்து நின்றவள் நந்தனா. ஜெயிப்பவள் மாவட்ட அணியில்.

நேரம் முடியக் கொஞ்சமே இருந்தபோது இருவரும் சமமாக இருந்தார்கள். இரண்டு கம்புகளும் ஒரே கணத்தில் பாய்ந்தன. சார் விசில் ஊதி நிறுத்தினார். யார் யாரைத் தொட்டார்கள் என்று அரங்கத்தில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சுயம்புராஜ் நந்தனாவின் சட்டையைத் தேடினான். தோள் சுத்தம். நெஞ்சு சுத்தம். பிறகு வேறு வழியில்லாமல் மகளைப் பார்த்தான். அவளுடைய இடது தோளில், ஒரு ரூபாய் அகலத்துக்கு, நீலம்.

பழைய சட்டையாக இருந்தால் இது தெரிந்திருக்காதே என்று ஒரு நினைப்பு அவனுக்குள் ஓடியது உண்மை. ஓடட்டும், அப்பன்தானே. ஆனால் அடுத்த நினைப்பு பயமாக இருந்தது. இதோடு கம்பு திரும்பவும் கட்டிலுக்கு அடியில் போகுமா?

சார் கையைத் தூக்குவதற்கு முன்பே சுபிதா குனிந்து தன் தோளைப் பார்த்தாள்.

"பட்டிருக்கு சார்," என்றாள்.

நந்தனாவுக்கு ஒரு புள்ளி. சுபிதா அப்பா நிற்கும் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்து, நாமம் வேர்வையில் கலைந்து கன்னம்வரை இறங்கியிருந்தது. தோளை அவன் பக்கமாகச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். "தெளிவாட்டு இருக்குல்லா யப்பா?" என்று அங்கிருந்தே கேட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

சார் தூரிகையால் தட்டிவிட்டு, கோடு போட்டுவிட்டு விலகினார். இன்னும் நேரம் இருந்தது. சுபிதா தட்டிலிருந்த நீலத்தில் கம்பின் நுனியை முக்கித் திருப்பினாள். களத்தின் நடுவே நந்தனா வந்து நின்றாள். அவளுடைய சட்டை தோளிலிருந்து இடுப்புவரை ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லாமல் விரிந்து கிடந்தது. சுபிதா கம்பை ஒரு தட்டு தட்டி அதிகப் பொடியை உதிர்த்துவிட்டு, அந்த மஞ்சளைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தாள்.