பூட்டிய வீட்டில் அய்யாவு

வாடகைக்கு இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வது என்று சுகுமாறனைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"பூட்டை ஒடைங்கக்கா. சாமானை அள்ளி வெளியில போடுங்க. புதுப் பூட்டு மாட்டுங்க. முடிஞ்சுது லா!"

அடுத்தவர் தலைவலி என்றால் லோகேஸ்வரியின் தம்பிக்கு எல்லாமே இப்படித்தான் சுலபம்.

அவளுக்குச் சாமானைப் பற்றியா கவலை? கிள்ளானில் இருக்கும் அவளுடைய ஒற்றை மாடி வீட்டில் அய்யாவு பல வருஷமாகக் குடியிருக்கிறார். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்ந்த மனுஷர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், சர்க்கரை வியாதி மட்டும் கூடவே இருந்தது. வாடகையில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அப்பேர்ப்பட்டவரின் போன் ஒரு வாரமாக அணைந்தே கிடக்கிறது. இன்று காலையில் பக்கத்து வீட்டு மும்தாஜ் வேறு அழைத்துவிட்டாள்.

"அக்கா, அங்கிள் வீட்டுப் பக்கமிருந்து ஒரு மாதிரி வாடை வருதுக்கா. கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமே இல்ல. வாசல் கிரில் பூட்டியிருக்கு."

அந்தக் கிரில் கதவை உள்ளே இருந்தும் பூட்டலாம், வெளியே இருந்தும் பூட்டலாம். மனுஷர் உள்ளேயே கிடந்தால்? அந்தத் தெருவில் திருட்டு நடந்தபோது அய்யாவு புதுப் பூட்டு மாட்டினார். மாற்றுச் சாவி ஒன்றைக் கேட்டு வாங்காமல் விட்டது இவளுடைய புத்திசாலித்தனம்.

பிரிக்பீல்ட்ஸில் இவள் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே மாதவி என்றொரு வக்கீல் இருந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை லிஃப்ட் வாசலில் பிடித்தாள்.

"உங்க தம்பி பேச்சைக் கேட்காதீங்க ஆன்டி," என்றாள் மாதவி. "நீங்களா உடைச்சு சாமானைத் தூக்கிப் போட்டா நாளைக்கு அவரு உங்க மேலயே கேஸ் போடலாம். கோர்ட் ஆர்டர் இல்லாம யாரையும் வெளிய தள்ள முடியாது. ஆனா உள்ள அவருக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு பயமா இருந்தா, போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணி அவங்களைக் கூட்டிட்டுப் போய்த் திறங்க. ஒரு சாமானையும் தொடாதீங்க."

சென்ட்ரல் ஸ்டேஷனில் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினாள். வழியெல்லாம் கெட்ட கெட்ட நினைப்பு. குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பாரோ? தண்ணீர் கேட்டு முனகியிருப்பாரோ? நடுவில் போன் அடித்தது, தெரியாத நம்பர். ஒரு வாரமாக அதே நம்பர் விடாமல் அழைத்துக்கொண்டிருக்கிறது. பார்சல் வந்திருக்கிறது, பேங்க் கணக்கு முடங்கிவிட்டது என்று ஊரை ஏமாற்றும் கூட்டம். இந்த நேரத்தில் இவன் வேறா என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்தாள்.

கிள்ளான் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் எழுதி முடிந்ததும் ஓர் இளம் மலாய் போலீஸ்காரர் கூடவே வந்தார். பூட்டுத் திறக்கும் ஆளும் வந்தான். வாசலில் முக்காட்டு முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மும்தாஜ் காத்திருந்தாள். சுகுமாறனும் வந்து நின்றான். வாடை பட்டதும் மெல்லப் பூட்டுக்காரனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

பூட்டு திறந்தது. போலீஸ்காரர் மட்டும் உள்ளே போனார். லோகேஸ்வரி காரை நிறுத்தும் இடத்திலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'முருகா, மனுஷன் உயிரோடு இருந்தால் போதும், வீட்டை இடித்துப் போட்டிருந்தாலும் கேட்க மாட்டேன்' என்று வேண்டிக்கொண்டாள். மனதார வேண்டினாள்.

"யாரும் இல்லை, புவான்," என்று உள்ளேயிருந்து மலாயில் குரல் வந்தது. "நாற்றம் ஐஸ்பெட்டியிலிருந்து. மீன். மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்."

பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதி வரவில்லை. வீட்டில் இல்லையென்றால் எங்கே? முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தால் டிவி இருந்தது, கட்டில் இருந்தது, அரிசி மூட்டை பிரித்தபடி இருந்தது, கொடியில் கைலி தொங்கியது. போலீஸ்காரரின் முகம் மாறியது.

"வீடு மாறுகிறவர் இப்படியா விட்டுவிட்டுப் போவார்? வயசானவர். வெளியே போன இடத்தில் ஏதாவது நடந்திருக்கலாம். ஆஸ்பத்திரிகளில் விசாரிக்க வேண்டியதுதான்."

சுகுமாறன் தலையில் கை வைத்துக்கொண்டான். லோகேஸ்வரியின் கண் தானாகச் சாமி மேடைப் பக்கம் போனது. அந்த வீட்டை வாங்கிய புதிதில் அவளே ஆள் வைத்து அடித்த பலகை மேடை அது.

மேடையில் ஒரு சாமிகூட இல்லை.

முருகன் படம் இல்லை, அம்மன் படம் இல்லை, அய்யாவு மனைவி துலக்கித் துலக்கித் தேய்ந்துபோன குத்துவிளக்கும் இல்லை. சுவரில் புகைக்கறைக்கு நடுவே படம் மாட்டியிருந்த சதுரங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. பக்கத்தில் நாள்காட்டி தொங்கியது. கடைசியாகக் கிழிக்காமல் விட்ட தாள் ஆனி மாதத்தின் கடைசி நாள்.

"ஐயோ, இந்த மனுஷன்!" என்று கத்தியேவிட்டாள். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, என்சிக்," என்று மலாயில் அவசர அவசரமாகச் சொன்னாள். "நாங்கள் வீடு மாறினால் முதலில் எடுத்துப் போவது சாமி படமும் விளக்கும்தான். மற்றதெல்லாம் பிறகு. வழி தவறிப்போன ஆள் விளக்கைத் தூக்கிக்கொண்டா போவார்? ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு வீடு மாறக்கூடாது. அதற்குள் ஓடியிருக்கிறார்!"

போலீஸ்காரருக்குப் பாதி புரிந்தது. மேடையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

காய்ந்து சுருண்ட வெற்றிலை. அதன் மேல் ஒரு கொட்டைப்பாக்கு. கூடவே, குங்குமம் வைத்த சாவி. அழுத்தினாலே பூட்டிக்கொள்கிற பூட்டு. சாவியை வீட்டுச் சாமியின் இடத்தில் ஒப்படைத்துவிட்டு, வெளியே வந்து அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

அப்போது மறுபடியும் போன் அடித்தது. அதே நம்பர். பழக்கத்தில் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது. எடுத்தாள்.

"அம்மா, நான் அய்யாவு பேசுறேன். மக நம்பரும்மா இது. என் போன் தண்ணியில விழுந்திருச்சு. ஒரு வாரமா அடிக்கிறேன், கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்களே? கோவமா?"

லோகேஸ்வரிக்கு அழுகைதான் வந்தது.

"மக சுங்கை பட்டாணியில வீடு வாங்கியிருக்கும்மா. ஆடிக்கு முன்னாடி பால் காய்ச்சணும், இனிமே இங்கயே இருங்கப்பான்னு மருமகன் காரை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. சின்னக் கார். சாமிய மட்டும்தான் ஏத்த முடிஞ்சுது. ஆவணி பொறந்ததும் லோரி கொண்டாந்து சாமானை அள்ளிக்கிறேன். சாவி கிடைச்சுதாம்மா?"

"பூட்டின வீட்டுக்குள்ள சாவிய வச்சா எப்படிக் கிடைக்கும் அங்கிள்?"

"அட, ஆமா," என்றார் அய்யாவு.

"ஐஸ்பெட்டியில மீனை வச்சுட்டு மெயினை ஏன் அணைச்சீங்க?"

"வெளியூர் போனா மெயினை அணைச்சிட்டுப் போங்கன்னு மாசா மாசம் நீங்கதானே சொல்லுவீங்க?"

சுகுமாறன் சிரித்துவிட்டான். அவனை முறைத்தாள். அந்தச் சாமானையெல்லாம் இவன் பேச்சைக் கேட்டுத் தெருவில் வீசியிருந்தால்! அவனைத்தான் ஐஸ்பெட்டியைக் கழுவ வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? சொல்லாம வந்தது தப்புதான், மன்னிச்சுக்குங்க."

"இருக்கேன் அங்கிள். நீங்களும் இருக்கீங்கல்ல, அது போதும்," என்றாள். மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். அழுகிய மீன் நாறிக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குள் நின்று, அன்றைக்கு முதல் தடவையாக மூச்சை ஆழமாக இழுத்துவிட்டாள்.