ஜன்னல் சீட்டில் ஒரு துண்டு

1

இந்தக் கதை ஒரு துண்டிலிருந்து பிறந்தது. குளித்துத் துவட்டுகிற சாதாரணத் துண்டு. உத்தமபாளையத்தில் டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஜன்னத்துல் பிர்தௌஸ் என்ற பெண் அனுப்பிய போட்டோவில், பழைய நீலப் பஸ் ஒன்றின் ஜன்னல் சீட்டில் அது கிடந்தது. கீழே ஒரு வரி: "எழுத்தாளரே, ஜெயிச்சிட்டோம்." எதில் என்று சொல்லவில்லை. போன் போட்டுக் கதையைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மேகமலையின் முகட்டில் வெண்பஞ்சுப் பொதிகளாய் மேகங்கள் தவழ்ந்த அந்த இனிய காலைப்பொழு

சே. பஸ் கதைக்கு மேகம் எதற்கு? டீசல் வாசனை போதும்.

2

கம்பம் பள்ளத்தாக்குப் பேருந்து வரலாற்றுச் சங்கம். சிரிக்காதீர்கள். வேறு ஊர்களில் டிராம் வண்டிக்குச் சங்கம் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் டிராம் ஓடியதில்லை, பஸ்தான் ஓடியது. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனவர்களும், திராட்சைக் கூடையும், புகுந்த வீட்டுக்குப் போன புதுப்பெண்ணும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளச் சங்கம் வைத்தால் யாருக்கு என்ன நட்டம்?

சங்கத்தின் பெரிய சொத்து அந்த நீலப் பஸ். பொட்டிப்புரம் பக்கம் ஒரு தோட்டக்காட்டில் வெங்காயம் போட்டு வைக்கும் இடமாகக் கிடந்தது. தூக்கி வந்தார்கள். எஞ்சினுக்கு உயிர் கொடுத்தவர் செயலாளர் பிர்தௌஸ். ஓட்டுவதற்கென்றே ஹெவி லைசென்ஸும் எடுத்தார். பஸ் முதன்முதலாக உறுமிய அன்று அவர் அழுதுவிட்டார். (இதை எழுதாதீர்கள் என்றார். எழுதிவிட்டேன்.)

பஸ் ஓடியது. நிறுத்தத்தான் இடமில்லை. பிர்தௌஸ் கடை வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று மறுபடி துருவேறத் தொடங்கியது. அப்போதுதான் தேனியில் ஒரு பள்ளிக்கூடத் தாளாளர், லிங்கேஸ்வரன் என்பவர், கூரை போட்டுத் தருகிறேன் என்று முன்வந்தார். ஒரே நிபந்தனை: எஞ்சினைக் கழற்றிவிட்டு, சக்கரங்களைச் சிமெண்டில் பதித்து, உள்ளே பிள்ளைகள் புத்தகம் படிக்கும் அறையாக்க வேண்டும். சங்கத் தலைவர் வேல்பாண்டி சம்மதித்தார். பிர்தௌஸைத் தவிர மற்றவர்களும் கை தூக்கினார்கள்.

3

வேல்பாண்டியை வில்லனாக எழுதிப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்து, காய்கறிக் கமிஷன் மண்டியில் அதட்டிப் பேசவிட்டு… தேறவில்லை. மண்டி வைத்திருப்பது உண்மை. மனுஷனுக்கு மீசையே கிடையாது. பஸ்ஸைத் தொடும்போது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தொடுகிற ஆள்.* அவரை எப்படித் திட்டுவது?

* இதை நானே பார்த்திருக்கிறேன். வேட்டி புதிதாக இருந்தாலும் துடைப்பார்.

4

தாளாளர் பஸ்ஸை நேரில் பார்த்து முடிவு சொல்லவேண்டிய காலை. தேனி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். துடைத்த துடைப்பில் பளபளவென்று மின்னியது. முன்னால் பழைய ஊர்ப்பலகையும் மாட்டியாயிற்று. பலகை இல்லாத பஸ்ஸை யாருக்கும் காட்டக்கூடாது என்பது சங்கத்தின் கொள்கை.

"அண்ணே, எஞ்சினக் கழட்டுனா அது பஸ்ஸே இல்ல. தகர டப்பா" என்றார் பிர்தௌஸ்.

"அப்ப துருப்பிடிச்சுச் சாகட்டும்ங்கிறியா தாயி? ஓடுற பஸ்ஸுக்கு யாரு கூரை போட்டுத் தாராக, சொல்லு?"

பிர்தௌஸ் டிரைவர் சீட்டில் போய் ஏறிக்கொண்டார். (கூரை என்னிடமும் இல்லை. கதாசிரியன் என்றால் கூரை போட்டுவிட முடியுமா?)

தாளாளர் காரில் வந்தார். சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆசையாகவே கேட்டார்: "அந்தக் காலத்துக் கண்டக்டர் மாதிரி நீங்க கூப்பிடுவீகளாமே. எங்க, கேப்போம்?"

சங்கக் கூட்டம் எதுவும் அது இல்லாமல் முடியாது. தலைவர் நாற்காலிமேல் ஏறி ஊர்களைக் கூவுவார், உறுப்பினர்கள் விசிலடித்துக் கலைவார்கள். இன்றைக்கு நாற்காலி எதற்கு, படியே இருக்கிறதே! வேல்பாண்டி கம்பியைப் பிடித்துத் தொங்கினார், கண்ணை மூடினார், அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டார்.

"வீரபாண்டி, சின்னமனூர், பாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப்ப்ப்! ஏறு ஏறு ஏறு! இடமிருக்கு இடமிருக்கு!"

பஸ் ஸ்டாண்டு வாசலில், ஊர்ப்பலகை மாட்டிய பஸ்ஸில் நின்றுகொண்டு இப்படிக் கூவினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் வரலாறு தெரிந்த ஒரு சங்கத்துக்கு மட்டும் அது தோன்றவில்லை.

முதலில் ஒரு துண்டு பறந்து வந்து ஜன்னல் சீட்டில் விழுந்தது. அப்புறம் ஒரு மஞ்சப்பை. அப்புறம் ஜனம். தலைவர் கண்ணைத் திறந்தபோது பஸ் நிறைந்திருந்தது. முன் சீட்டில் மாயக்காள் என்ற அம்மா கத்திரிக்காய்க் கூடையை மடியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "ஏப்பா கண்டக்டரு, எப்ப எடுப்பீக?"

தாளாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேல்பாண்டிக்கு வியர்த்துவிட்டது. ஆளேற்ற அந்தப் பஸ்ஸுக்குப் பர்மிட் கிடையாது.

"நீங்கதான கூப்டீக, நீங்களே எறக்கிவிடுங்க" என்றார் பிர்தௌஸ், டிரைவர் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு.

வேல்பாண்டி உள்ளே ஏறித் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் மன்னிக்கணும். இது வந்து…"

(இந்த வாக்கியத்தை நான் வெட்டவில்லை. அவரே நிறுத்தினார். "இது பஸ் இல்லை" என்று சொன்னால் வேலை முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை.)

"இது வந்து என்னய்யா? பஸ்ஸுதான?" என்றார் மாயக்காள்.

வேல்பாண்டி உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "ஆமா ஆத்தா. பஸ்ஸுதான்."

அப்புறம் படியிலிருந்தே தாளாளரிடம் கும்பிட்டுச் சொன்னார்: "சார், கோவிச்சுக்கிறாதீக. எஞ்சினக் கழட்ட முடியாது. ஆளு உக்காந்திருக்காக."

பிர்தௌஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது தடவையும் அழுததாக நான் எழுதப்போவதில்லை.

5

இனி முடிவு.

முடிவு ஒன்று: உண்மையான கம்பம் பஸ் வந்தது. எல்லோரும் முனகிக்கொண்டே இறங்கி அதில் ஏறினார்கள். சட்டப்படி சரி. எழுதிப் படித்துப் பார்த்தேன், உப்பில்லாத குழம்பு.

முடிவு இரண்டு: நீலப் பஸ் ஆட்களோடு கிளம்பியது. வீரபாண்டி தாண்டியதும் அதிகாரி ஒருவர் கை காட்டி நிறு

நிறுத்தினால் என்ன ஆகும்? எனக்குத் தைரியம் போதவில்லை.

என்னதான் நடந்தது என்று பிர்தௌஸிடம் கேட்டேன். "எல்லாத்தையும் நானே சொல்லிட்டா அப்புறம் நீங்க எதுக்கு?" என்று போனை வைத்துவிட்டார். கூரைக்கு இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

போட்டோவை மறுபடி பார்க்கிறேன். ஜன்னல் சீட்டில் துண்டு கிடக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. அதை உங்களுக்காக நான்தான் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து உட்காருங்கள். மாயக்காளின் கூடை காலில் இடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிர்தௌஸ் எஞ்சினை முடுக்கிவிட்டார், சீட்டு அதிர்கிறது. வேல்பாண்டி விசிலை உங்களிடம் நீட்டுகிறார்.

ஊதுவதும் ஊதாததும் உங்கள் இஷ்டம்.